பாஞ்சாலி பிரித்துக் கொடுத்த பன்னிரண்டு வார்த்தைகள்

பாஞ்சாலியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பதினோரு வருடமாக என் வீட்டில் சமைக்கிறாள். ஏழு மணிக்கு வருகிறேன் என்பாள், ஏழேகாலுக்கு வருவாள், செருப்பைக் கழற்றும்போதே "பஸ்ஸு லேட்டு டீச்சர்" என்பாள். முப்பத்து நான்கு வருடம் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். தாமதமாக வந்தவர்களை வகுப்பு வாசலில் நிற்க வைத்தே பழக்கம். அப்படிப்பட்ட என்னையே "காப்பி ஆறிப் போவுது, பேப்பர அப்பால வை" என்று அதட்டுகிறவள் இந்தப் பூமியில் அவள் ஒருத்திதான்.

பெசன்ட் நகரில் மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி என் வீடு. என் கணவர் ஃபிரெட்ரிக் இறந்து, மகன் கிளிஃபர்ட் கனடாவுக்குப் போன வருடத்தில் அவள் வேலைக்கு வந்தாள். அப்போது அடையாறு ஆற்றோரம் ஒரு குடிசையில், மகள் ஜோதிலட்சுமியோடு இருந்தாள். புருஷன் எப்போதோ ஓடிவிட்டான். அதே குடிசையின் மறுபாதியில் அவளுடைய தம்பி ரகுபதி. நடுவில் ஒரு தட்டி, இரண்டு பக்கமும் தனித்தனிக் கதவு. ரகுபதி சினிமா செட்டுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அவளுடைய பீரோ போய்விட்டது. உள்ளே நாலரைப் பவுன் நகை, பதினோராயிரம் ரூபாய், மகளின் பள்ளிச் சான்றிதழ்கள். மூன்றாம் நாள் யாருடைய புடவையையோ கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. "எல்லாத்தியும் ஒரே பீரோவுல வெச்சது என் தப்பு டீச்சர்" என்றாள். அரிசி களையப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் காசு வைக்கிற விதமே வேறு. திரும்பவும் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒன்றரைப் பவுனில் ஒரு செயின் வாங்கினாள். வாங்கிய மறுநாளே அதைக் கொண்டுபோய் பேங்க்கில் இரண்டாயிரம் ரூபாய்க்கு அடகு வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டாயிரம் வேணும்னா என்கிட்ட கேட்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"காசு யாருக்கு வோணும்? லாக்கர் கேட்டா டெபாசிட் போடு, அத்தப் போடு, இத்தப் போடுன்றான். அடகு வெச்சா அவனே பூட்டி வெச்சு, சீட்டும் குடுக்கறான். தண்ணி வந்தாலும் அவன் தலவலி."

வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் லாக்கருக்கு நான் வருடா வருடம் கட்டுகிற வாடகையைவிடக் குறைவு. அன்றைக்கு முழுவதும் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை.

செயின் பேங்க்கில். மாதம் ஐந்நூறு தபால் ஆபீசில். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிற ஒரு பெண் பிடிக்கிற சீட்டில் ஒரு பங்கு. பழைய தையல் மெஷின் ஒன்றை வாங்கி, சிநேகிதி ஜமீலுன்னிசாவிடம் மாத வாடகைக்கு விட்டிருந்தாள். நான்? என் பென்ஷன், கணவரின் பணம், எல்லாமே ஒரே பேங்க், ஒரே கிளை, ஒரே டெபாசிட். மேனேஜர் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். அந்த மரியாதைக்காகவே வேறெங்கும் போகாமல் இருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கொரோனா வருடத்தில் என் மாடியில் சிம்ரா என்று ஒரு பெண் வாடகைக்கு இருந்தாள். சாஃப்ட்வேர் வேலை, தங்கமான பெண், சமைக்க மட்டும் தெரியாது. பாஞ்சாலிதான் அவளுக்கும் சமைத்தாள். ஒரு நாள் சிம்ரா போனில் யாரிடமோ பிட்காயின் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை இவள் குழம்பு கிண்டிக்கொண்டே கேட்டிருக்கிறாள். போனை வைத்ததும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா அது?"

சிம்ரா பொறுமையாகச் சொன்னாள். அது ஒரு மாதிரிப் பணம். கையில் தொட முடியாது. ஏறும், கன்னாபின்னாவென்று இறங்கவும் இறங்கும். அதனால் இருப்பதையெல்லாம் அதில் போடக் கூடாது. தங்கம், டெபாசிட், ஷேர் என்று பல இடத்தில் வைத்திருப்பவர்கள், இன்னொரு இடமாக ஒரு சின்னப் பங்கை இதில் வைக்கலாம், போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு மட்டும்.

"அது எங்க கீது?"

"ஒரு இடத்துல இல்லக்கா. உலகம் பூரா கம்ப்யூட்டர்ல இருக்கு."

"தண்ணி வந்தா?"

"தண்ணி அதை ஒண்ணும் பண்ணாது."

அவ்வளவுதான், முடிந்தது கதை. நான் மாடிப்படியில் நின்று, "சூதாட்டம்! ஏமாத்து வேலை! போலீஸ்ல மாட்டிக்கப் போற!" என்று தொண்டை வறளக் கத்தினேன். "பூரா போனாலும் நா சாவ மாட்டேன் டீச்சர், அந்த அளவுதான் போடறேன்" என்றாள். சீட்டு எடுத்த காசில் முப்பதாயிரம். அவளுடைய மொத்தச் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு அவள் பக்கம்தான் இருந்தது, அது வேறு எரிச்சல்.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பணம் வாங்கி விற்கிற கம்பெனிகள் சிலது ஆட்டம் கண்டதாகச் செய்தி வந்தது. சிம்ரா வேலை மாறி பெங்களூருக்குப் போக இருந்தாள். போவதற்கு முன் பாஞ்சாலியின் காயினைக் கம்பெனியிலிருந்து எடுத்து, அவள் போனிலேயே ஒரு செயலிக்குள் போட்டுக் கொடுத்தாள். அப்போது போன் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளைக் காட்டியது. போன் தொலைந்தால், இந்தப் பன்னிரண்டையும் இதே வரிசையில் இன்னொரு போனில் போட்டால் பணம் திரும்ப வரும். வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தொலைத்துவிட்டால் போய் நிற்க மேனேஜர் கிடையாது. "நீங்களே எழுதிக்கோங்கக்கா, நான்கூடப் பார்க்க மாட்டேன்" என்று சிம்ரா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ஐந்தாவது வரை படித்தவள், ஒவ்வொரு எழுத்தாக வரைந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

மறுநாள் காலை என்னிடம் கத்தரிக்கோல் கேட்டாள். அந்தத் தாளை நான்கு துண்டாக வெட்டினாள். துண்டுக்கு மூன்று வார்த்தை. பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டாள். ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம், ஒன்று ஜமீலுன்னிசாவிடம், ஒன்று தம்பி ரகுபதியிடம்.

"ஒரு வூட்ல திருடு போனாலும், மூணே மூணு வார்த்தைய வெச்சுக்கினு அவன் இன்னா கிழிப்பான்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சபாஷ்" என்றேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்தியவள் சொன்ன சபாஷ் அது. பணத்தை நான்கு இடத்தில் பிரித்து வைத்தால், ஒரு இடம் போனாலும் மூன்று இடம் மிஞ்சும். வார்த்தைகளை நான்கு இடத்தில் பிரித்து வைத்தால், ஒரு இடம் போனால் நான்கும் போச்சு. கத்தரிக்கோல் ஒன்றுதான், கணக்கு தலைகீழ். வெள்ளத்தில் எல்லாம் இழந்தவளுக்கு அது தோன்றாதது நியாயம். எனக்கு எங்கே போயிற்று புத்தி? இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. என் துண்டை செபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அதற்கு அடுத்த வருடம் ஆற்றோரக் குடிசைகளை இடிப்பதற்காக அரசாங்கத்திலிருந்து கணக்கெடுக்க வந்தார்கள். கதவுக்கு ஒரு எண் ஒட்டுவார்கள். எண்ணுக்கு ஒரு வீடு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில். ரகுபதி அப்போது ஏதோ செட் வேலைக்கு ஐதராபாத் போயிருந்தான். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு கதவுக்கும் சேர்த்து ஒரே எண். அவன் பெயர் அக்காவின் குடும்பத்தில் ஒரு ஆளாக எழுதப்பட்டிருந்தது.

"எய்த வந்தவன் தப்பா எய்திட்டான் டீச்சர், நா இன்னா பண்ணுவேன்?" என்று பாஞ்சாலி என்னிடம் புலம்பினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆங்கிலத்தில் மூன்று பிரதி மனு எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. குடிசைகளை இடித்தார்கள். பாஞ்சாலிக்கு ஏழாவது மாடியில் வீடு வந்தது. ரகுபதிக்கு எதுவும் வரவில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடி அறைக்கு வாடகைக்குப் போனான். அக்காவோடு பேச்சை நிறுத்தினான். போன வருடம் ஜோதிலட்சுமி கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாரோ ஒருவர் நின்றார். பாஞ்சாலி வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

இந்த வருடம் ஆடி மாதம்தான் கடை விஷயம் வந்தது. பெரும்பாக்கத்திலிருந்து என் வீட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம், போக ஒன்றரை மணி நேரம். முட்டிவலி வேறு. ஜமீலுன்னிசாவின் அண்ணன் இனாயத்துக்கு அடையாறு பஸ் டிப்போ பக்கத்தில் ஒரு சின்னக் கடை உண்டு, பின்னால் படுத்துக்கொள்ள ஒரு தடுப்போடு. அதில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர் காலி செய்தார். இட்லிக் கடை போட அதைவிட நல்ல இடம் கிடையாது, காலை ஐந்து மணிக்கே டிரைவர், கண்டக்டர் கூட்டம் நிற்கும். அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். மொபைல் கடைக்காரர் ஒருவர் காசோடு தயாராக இருந்தார். தங்கை சொன்னதற்காக வெள்ளிக்கிழமை வரை பொறுக்கிறேன் என்றார் இனாயத்.

செயின் கல்யாணத்தில் போய்விட்டது. தபால் ஆபீஸ் பணமும் அதில்தான் போனது. சீட்டு எடுத்தாயிற்று. மிஞ்சியது அந்தக் காயின்தான். நான் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"வோணாம் டீச்சர். உங்க காசுல கட வெச்சா, நாளிக்கு சாம்பார்ல உப்பு கம்மின்னு வந்து நிப்பீங்க. வேலக்காரியா வந்தேன், கடங்காரியா போவ மாட்டேன்."

பழைய போனைப் போன மாதம்தான் பஸ்ஸில் யாரோ அடித்துக்கொண்டு போயிருந்தான். ஆக, வார்த்தைகள் வேண்டும். அவளுடைய துண்டு இருந்தது. என்னுடையது இருந்தது. ஜமீலுன்னிசா தையல் மெஷின் டிராயரிலிருந்து தன்னுடையதை எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் எண் துண்டு ரகுபதியிடம். அது இல்லாமல் முடியாதா என்று பெங்களூருக்குப் போன் போட்டேன். மொத்தம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு வார்த்தைகளிலிருந்து எடுப்பார்களாம் என்றாள் சிம்ரா. மூன்று தெரியவில்லை என்றால் எண்ணூற்று ஐம்பத்தெட்டு கோடிக்கு மேல் விதங்கள் வருகின்றன. காகிதத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன். அப்போதுதான் எனக்கு என்னுடைய சபாஷ் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை மதியம் ஆட்டோ பிடித்து இரண்டு பேரும் கோடம்பாக்கம் போனோம். வழியெல்லாம் நான் பேரத்துக்குத் தயார் செய்துகொண்டே போனேன். பாதி கேட்பான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒத்துக்கொள்ளாதே என்று அவளுக்குச் சொல்லி வைத்தேன். அவள் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

ரகுபதி கதவைத் திறந்து நிலையிலேயே நின்றான். லுங்கியெல்லாம் நீலப் பெயிண்ட். "வாங்க டீச்சர்" என்றான், ஆனால் வழி விடவில்லை. அக்காவைப் பார்க்கவே இல்லை. பாஞ்சாலி வாயைத் திறக்காததால் நானே கடை, அட்வான்ஸ், வெள்ளிக்கிழமை எல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டான்.

"எய்திக்கோங்க டீச்சர். லேடர். ஆனியன். அம்பர்லா."

நான் திகைத்துப் போனேன். "துண்டு எங்கப்பா? எழுத்து சரிபார்க்கணுமே?"

"வூடு இடிச்ச அன்னிக்கு மண்ணோட போச்சு. அதுக்கு முன்னியே மேஸ்திரியப் படிக்கச் சொல்லி மனசுல வெச்சுக்கினேன். ஏணி, வெங்காயம், கொட. வரிசையும் அதான்."

அப்புறம்தான் அக்காவைப் பார்த்தான். "என் வூட்ட நீ எட்த்துக்கின. உன் காச நா எட்த்துக்க மாட்டேன்" என்றான். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டான்.

திரும்பும்போது ஆட்டோவில் நான் குமுறித் தீர்த்தேன். என்ன திமிர், எழுத வந்தவன் செய்த தப்புக்கு அக்கா என்ன செய்வாள், கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது என்று. பாஞ்சாலி கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். ஒத்து ஊதவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை என் சாப்பாட்டு மேஜையில் புதுப் போனை வைத்து, வீடியோவில் சிம்ரா சொல்லச் சொல்ல, பன்னிரண்டையும் வரிசையாகப் போட்டோம். ஒரு வட்டம் சுற்றியது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஜமீலுன்னிசா "யா அல்லா" என்றாள். இரண்டு லட்சத்து எழுபத்தெட்டாயிரம் என்று வந்தது. நான் கைதட்டிவிட்டேன், வெட்கமே இல்லாமல். ஐந்து வருடத்துக்கு முன் சூதாட்டம் என்று கத்தியவள்தான்.

"இதுல எவ்ளோ போவும்?" என்றாள் பாஞ்சாலி. லாபத்தில் நூற்றுக்கு முப்பது வரி என்றேன். அதைத் தனியாக எடுத்து வைத்தாலும் இரண்டு லட்சம் மிஞ்சும், கடைக்குப் போதும், பாத்திரத்துக்கும் போதும். இவ்வளவு நல்ல சேதிக்கு அவள் முகத்தில் ஒன்றையும் காணோம். அன்றே விற்றோம். காலையில் பணம் அவள் கணக்கில் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை இனாயத் கடையில் ஒப்பந்தப் பத்திரத்தோடு காத்திருந்தார். சாட்சிக்கு நான். "யார் பேருக்கும்மா எழுதறது?" என்று கேட்டார்.

"ரகுபதின்னு எய்து பாய்."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" என்று நான் எழுந்தேவிட்டேன். "முந்தாநேத்து மூஞ்சியில கதவைச் சாத்தினான், அவன் பேர்ல கடையா? உழைச்சது யாரு? நெருப்புல நிக்கறது யாரு? எழுத வந்த எவனோ தப்பா எழுதினான்னு—"

"எய்த வந்தவன் தப்பா எய்தல டீச்சர்."

அவள் குரல் ஏறவே இல்லை. "நாந்தான் சொன்னேன். ரெண்டு கதவும் ஒரே வூடுன்னு. தம்பி தனியா இல்ல, எங்கூடத்தான் கீறான்னு. தனித்தனியா காட்னா என் பக்கம் பாத்ரூம் அளவு, இத்த வூடுன்னே எண்ண மாட்டான்னு பயந்துட்டேன். அவன் ஊர்ல இல்ல. அவன் பக்கத்தையும் சேத்துக் காட்னேன். அவன் வூட்ட நாந்தான் எட்த்துக்கினேன்."

ஆங்கிலத்தில் மூன்று பிரதி எழுதினேனே, அதில் ஒவ்வொரு வரியும் பொய். எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அறைய வேண்டியவன் அறையவில்லை, நான் யார்? உட்கார்ந்துகொண்டேன்.

இனாயத் பேனாவை மூடினார். "அப்ப அவரே வந்து கையெழுத்துப் போடணும். நாளைக்குப் பகல் பன்னண்டு மணி வரைக்கும்தான் என்னால நிறுத்தி வைக்க முடியும்."

"வரலன்னா மொபைல் கடக்காரருக்குக் குட்த்துடு பாய்" என்றாள் பாஞ்சாலி.

அவள் போனை அவன் எடுக்கவில்லை. நான் போட்டேன், எடுத்தான். கடை உன் பெயரில் எழுதச் சொல்கிறாள், செய்ததை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டாள், நாளை பன்னிரண்டுக்குள் வரவேண்டும் என்று சொன்னேன். கடைசி வரை கேட்டான். பிறகு கட் ஆகிவிட்டது.

சனிக்கிழமை பத்து மணிக்கே போய் உட்கார்ந்தோம். பதினொன்றானது. மொபைல் கடைக்காரர் ஹெல்மெட்டோடு வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, சுவரை அளந்துவிட்டு டீ குடிக்கப் போனார். பாஞ்சாலி முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது ரகுபதி வந்தான். பிளாஸ்டிக் உறையில் ஆதார் கார்டு. அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பவில்லை. இனாயத் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சுவரைத் தடவிப் பார்த்தான், விரலில் சுண்ணாம்பு ஒட்டியது.

"காலைல எத்தினி மணிக்குத் தொறக்கணும் டீச்சர்?" என்று என்னைக் கேட்டான்.

எனக்கு என்ன தெரியும்? நான் பாஞ்சாலியைப் பார்த்தேன்.

"அஞ்சுக்கு" என்றாள் அவள்.

"மாவு கிரைண்டர யாரு தூக்குவா?" என்றான் ரகுபதி, அவளைப் பார்த்து. "நாலரைக்கே வந்துடறேன்க்கா."